ஈரம் தெரியாத தோள்

எங்கள் சுரங்கத்துக் குளியல் கூடத்தை அல்ஃபோன்ஸ் குச்செரா இருபத்துமூன்று வருடம் பார்த்துக்கொண்டார். அதற்கு முன்பு அவரும் எங்களைப் போலக் கீழே இறங்கி நிலக்கரி வெட்டியவர்தான். 1961இல் அறுநூறு மீட்டர் ஆழத்தில் எரிவாயு ஒரு நொடி பற்றி எரிந்து அணைந்தது. அந்த நொடியில் அவர் கரி வண்டிப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். அதனால் முகம் தப்பியது. முதுகு முழுவதும் வெந்து போனது. எட்டு மாதம் ஆஸ்பத்திரியில் குப்புறப் படுத்திருந்தார். தொடையிலிருந்து தோலைச் சீவி முதுகில் ஒட்டினார்கள். பல வீட்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த போர்வை மாதிரி இருக்கும் அந்த முதுகு.

குணமானதும் மறுபடி கீழே அனுப்பினார்கள். முதல் வாரத்திலேயே இரண்டு முறை சுருண்டு விழுந்தார். அப்புறம்தான் ஒரு மருத்துவர் விஷயத்தைச் சொன்னார்: ஒட்டுத்தோல் வேர்க்காது. முதுகு வேர்க்காத மனிதன் அந்தச் சூட்டில் நின்று வேலை செய்ய முடியாது. "சரி, குளியல் கூடத்துக்குப் போ" என்றார் மேலதிகாரி. முந்நூறு பேர் சுடுநீரில் நிற்கிற இடம் அது. ஆவியில் எதிரே இருக்கும் ஆள் தெரியாது. அங்கேயும் சூடுதான். ஆனால் அங்கே தண்ணீர் இருந்தது. அல்ஃபோன்ஸ் மேல்சட்டை போடாமல், இடுப்பில் ஒரு ரப்பர் ஏப்ரனோடு, அரை மணிக்கு ஒருமுறை ஒரு குவளை குளிர்ந்த நீரை முதுகில் ஊற்றிக்கொண்டு நடமாடுவார். யாராவது கேட்டால், "எல்லாருக்கும் வேர்வை தானா வருது. எனக்கு நானே ஊத்திக்கணும்" என்பார்.

தன் உடம்பின் சூட்டையும் ஈரத்தையும் இப்படிக் கையால் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததாலோ என்னவோ, மற்றவர்கள் கவனிக்காத பலதும் அவர் கண்ணில் பட்டன. குளித்துத் துடைத்துக்கொண்டவர்கள் உடனே சட்டை போடக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். சுவரோரம் ஒரு நீள பெஞ்சு. அதில் ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகுதான் உடை. பேருந்துக்கு ஓடுகிறவர்களுக்கு இது பெரிய தலைவலி. அதிகம் சண்டை போட்டவன் என் கூட்டாளி ரூஃபின்.

"துடைச்சாச்சுண்ணே. பாருங்க, காஞ்ச கருவாடா நிக்கறேன்."

"மேலுதட்ட நக்கிப் பாரு."

ரூஃபின் நக்கினான். "உப்பு."

"குழாய்த் தண்ணில ஏதுடா உப்பு? வேர்க்குது உனக்கு. உள்ள சுடுதண்ணிக்குக் கீழ நிக்கும்போதே வேர்க்க ஆரம்பிச்சிருச்சு. தண்ணியோட தண்ணியா ஓடிட்டதால உனக்குத் தெரியல. நீ துடைச்சது தண்ணிய. இப்ப வர்றத யாரு துடைப்பா? அதுமேல சட்டையப் போட்டுக்கிட்டு வெளிய மைனஸ் பன்னெண்டுல போய் நிக்கப்போற."

"வீட்டுல அவ சூப்ப வச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டிருப்பா."

"காத்திருக்கட்டும். நெஞ்சு கட்டிக்கிட்டுப் படுத்தீன்னா அவதான் கரண்டியால ஊட்டணும்."

ரூஃபின் முனகிக்கொண்டே உட்காருவான். அந்தச் சட்டத்துக்குப் பிறகு எங்கள் ஷிப்டில் மார்ச்சளி பாதியாகக் குறைந்துவிட்டது என்று அல்ஃபோன்ஸ் சொல்லிக்கொள்வார். யாரும் கணக்கெடுத்துப் பார்த்ததில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எர்வின் பிக்கா என் பெயர். 1973 நவம்பர் கடைசியில் எனக்கு முப்பத்தொரு வயது. புனித பார்பரா திருநாளுக்கு ஒரு வாரம் இருந்தது. சுரங்கக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய பண்டிகை கிடையாது. அந்த வாரம் வேலையைவிட வம்புதான் அதிகம் நடக்கும். அல்ஃபோன்ஸும் தன் பங்குக்கு ஒரு வேடிக்கை வைத்திருந்தார்.

சாக்கடை அடைப்பு எடுக்கிற நீள ரப்பர் கையுறை ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே நன்றாகத் துடைத்து மாவு தூவியிருந்தார். ஆளின் கண்ணைத் துண்டால் கட்டி, கையுறையை மாட்டி, முழங்கை வரைக்கும் ஒரு வாளிக்குள் விடச் சொல்வார். கை நனைந்ததா இல்லையா, இவ்வளவுதான் கேள்வி. தப்பாகச் சொன்னவன் சரியாகச் சொன்னவனுக்கு ஒரு வாரம் முதுகு தேய்த்துவிட வேண்டும். கரித்தூளோடு மேலே வருகிறவன் முதுகைத் தானே தேய்க்க முடியாது. இன்னொருவன்தான் தேய்க்க வேண்டும். அதனால் எங்களிடையே அது நல்ல பந்தயம்.

ரூஃபின் முதலில் போனான். கையை விட்டதும் கத்தினான். "அண்ணே, கிளவுஸ் ஓட்டை. உள்ள பூரா தண்ணி."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"என்னத்த யோசிக்க? விரலெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சிருச்சு."

அல்ஃபோன்ஸ் கையை வெளியே எடுத்து உறையை உருவினார். விரல்களில் மாவு அப்படியே இருந்தது. கூடம் முழுக்கச் சிரித்தது. அடுத்து வந்த ஆறு பேரும் அதே போல ஏமாந்தார்கள். தந்திரம் தெரிந்த பிறகும் கைக்கு நனைந்த மாதிரியேதான் இருக்கிறது என்று சத்தியம் செய்தார்கள். "குளிர்ச்சியும் பட்டு, மேல அமுக்கவும் செஞ்சா, அத ஈரம்னு உடம்பு முடிவு பண்ணிடும். உள்ள வந்து பாக்கறதில்ல" என்றார் அல்ஃபோன்ஸ்.

நான் இடக்கைக்காரன். இடது கையை விட்டேன்.

"என்ன தெரியுது?"

"ஏதோ கையச் சுத்தி அமுக்குது."

"ஈரம்?"

"இல்ல. காஞ்சுதான் இருக்கு."

"திருட்டுப்பய, துண்டுக்குக் கீழ பாத்துட்டான்" என்றான் ரூஃபின். ஆனாலும் பந்தயம் பந்தயம்தான். அவன்தான் என் முதுகைத் தேய்க்க வேண்டும் என்று முடிவானது. எல்லோரும் தட்டிக்கொடுத்தார்கள். அல்ஃபோன்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. வாளியைத் தூக்கி ஓரமாக வைத்தவர், கூட்டம் கலைகிற வரைக்கும் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் கிளம்பும்போது கூப்பிட்டார்.

"உண்மையச் சொல்லு. பாத்தியா?"

"இல்லண்ணே."

"வாளில என்ன இருந்துச்சு?"

"தண்ணின்னு சொன்னாங்க."

"எப்படித் தண்ணி?"

அவர் என் வலது கையைப் பிடித்து, உறையில்லாமல், அதே வாளிக்குள் விட்டார். பனிக்கட்டி உருகிய நீர். வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். பிறகு இடது கையை விடச் சொன்னார். விட்டேன். கையைச் சுற்றி ஏதோ இருந்தது, அசைந்தது. அவ்வளவுதான்.

அப்போதுதான் நான்கு மாதமாக மனதை அரித்துக்கொண்டிருந்ததைச் சொன்னேன். சொல்லவே கூச்சமாக இருந்தது. "ஷவருக்குக் கீழ நின்னா என் இடது தோள் நனையறதே இல்லண்ணே. யாரோ விரலால தட்டற மாதிரி இருக்கு. மணலக் கொட்டற மாதிரி. கையால தடவிப் பாத்தா ஈரமா இருக்கு. ஆனா தோளுக்குத் தெரியல."

வீட்டில் என் மனைவி எல்ஃப்ரிதாவிடம் சொல்லியிருந்தேன். அலுப்பாக இருக்கும், தூங்கு என்றாள். ரூஃபினிடம் சொன்னபோது, "வருஷத்துக்கு ஒருவாட்டி குளிச்சா அப்படித்தான்" என்றான். அல்ஃபோன்ஸ் என் கையைத் திருப்பி முழங்கைக்கு மேலே பார்த்தார்.

"இது எப்ப சுட்டுக்கிட்ட?"

"எது?"

கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கொப்புளம், பழுத்து உடைந்திருந்தது. அடுப்பு விளிம்பில் சாய்ந்திருப்பேன் போல. எனக்குத் தெரியவே தெரியாது.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போ" என்றார்.

சுரங்கத்து டாக்டர் வொலான்சிக் மோசமானவர் அல்ல. ஒரு நாளைக்கு அறுபது பேரைப் பார்க்கிறவர். என் கதையைக் கேட்டுவிட்டு ஒரு துண்டுப் பஞ்சால் தோளில் தொட்டார். தெரிகிறதா? தெரிகிறது. இங்கே? தெரிகிறது. கண்ணை மூடச் சொல்லி இன்னும் நாலு இடத்தில் தொட்டார். எல்லாம் தெரிந்தது.

"நரம்பு நல்லாத்தான் இருக்கு பிக்கா. பண்டிகை சமயத்துல உடம்பு சரியில்லன்னு வர்றவங்கள்ல நீங்க இந்த வாரம் நாலாவது ஆள்" என்று சொல்லி வைட்டமின் ஊசிக்கு எழுதிக்கொடுத்தார்.

சோம்பேறி என்று சொல்லாமல் சொன்னது எனக்கு உறைத்தது. இனி யாரிடமும் இதைப் பேசக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு வந்தேன். அல்ஃபோன்ஸ் விடவில்லை.

"பஞ்ச வச்சா பாத்தாரு? பஞ்சுதான் உனக்குத் தெரியுதே. சூடும் குளிரும்தான் தெரியல. அது உனக்குள்ள நடக்கறது. அவரு கண்ணுக்கு எப்படித் தெரியும்? கண்ணுக்குத் தெரியற மாதிரி எதையாவது காட்டணும்."

அதற்கப்புறம் மூன்று நாள் நான் பெஞ்சில் உட்காரும்போதெல்லாம் அவர் என் பின்னால் வந்து நின்றார். துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, விலைக்கு வாங்கப்போகிற மாட்டைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார். மூன்றாம் நாள் மெதுவாகச் சொன்னார்: "உன் இடது பக்கம் வேர்க்கல. வலது பக்கம் எண்ணெய் தேச்ச மாதிரி மினுக்குது. இடது பக்கம் சுவரு மாதிரி கிடக்கு." பிறகு, "நம்ம ரெண்டு பேர் முதுகயும் சேத்தாலும் ஒரு முழு முதுகு தேறாது போல" என்றார்.

மறுநாள் வீட்டிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். உருளைக்கிழங்கு மாவு. எங்கள் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை குழம்போடு சாப்பிடும் மாவுருண்டைக்கு அது இல்லாமல் முடியாது. எல்லார் வீட்டுச் சமையலறையிலும் இருக்கும். கூடவே ஒரு சல்லடை.

"பத்து நிமிஷம் சுடுதண்ணில நில்லு. தாங்கற அளவுக்குச் சூடா வைக்கிறேன்" என்றார். வால்வை அவரே திருகினார். இடது தோளில் சுடுகிறதா என்று எனக்குத் தெரியாது என்பதால், தன் கையை நீருக்குள் நீட்டிக்கொண்டே பக்கத்தில் நின்றார். வெளியே வந்ததும் சொட்டு விடாமல் துடைத்தார். பெஞ்சில் உட்காரவைத்து, சல்லடையைத் தட்டி, கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் மாவைத் தூவினார்.

ஆட்கள் சுற்றிக் கூடினார்கள். ரூஃபின் ஆரம்பித்தான். "ஞாயித்துக்கெழமை சமையலாண்ணே? குழம்பு எப்ப வரும்?"

யாரோ சிரித்தார்கள். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். சிரிப்பு நின்றது. என்னால் பார்க்க முடியவில்லை. என் முன்னால் இருந்தவர்களின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னடா?" என்றேன்.

ரூஃபினுக்குக் கேலி போய்விட்டது. "வலது பக்கம் மாவு பிசைஞ்ச மாதிரி கூழாகிடுச்சு. இடது பக்கம் தூவினது அப்படியே தூளா இருக்கு. நடுமுதுகுல கோடு கிழிச்ச மாதிரி இருக்குடா எர்வின்."

அல்ஃபோன்ஸ், "இவன அசைய விடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். முற்றத்தில் கணுக்கால் வரை பனி. மரச்செருப்பும் ஈர ஏப்ரனுமாக, மேலே ஒன்றும் போடாமல், அதைக் கடந்து டாக்டரின் அறைக்குள் நுழைந்திருக்கிறார். உள்ளே நடந்ததை அங்கே வரிசையில் உட்கார்ந்திருந்த எங்கள் ஷிப்டு பெர்னாட் பிறகு சொன்னான்.

"குச்செரா, இங்க ஆளுங்க காத்திருக்காங்க" என்றாராம் டாக்டர்.

"தெரியும் டாக்டர். அம்பது அடி நடந்து வந்து ஒரு முதுகப் பாருங்க. பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு நீங்க சொன்னா, இனி இந்தப் பக்கமே வரமாட்டேன்."

"நாளைக்குப் பாக்கறேன்."

"நாளைக்குள்ள மாவு உதிர்ந்துடும்."

டாக்டர் எழுந்து வந்தார். குளியல் கூடத்துக்குள் நுழைந்ததும் மூக்குக் கண்ணாடி ஆவியில் மூடிக்கொண்டது. அதைக் கழற்றி ஓர் ஈரத்துண்டில் துடைத்தார், இன்னும் மோசமானது. கடைசியில் கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, முகத்தை என் முதுகுக்குக் கிட்டக் கொண்டுவந்தார். பிறகு இரண்டு குவளை கேட்டார், ஒன்றில் சுடுநீர், ஒன்றில் குளிர்நீர். தோளில் ஒன்று மாற்றி ஒன்றாக வைத்து எது சூடு என்று கேட்டார். இடது தோளில் குருட்டாம்போக்கில்தான் சொன்னேன், பாதிக்கு மேல் தப்பு. வலது தோளில் எல்லாம் சரி.

அத்தனை பேர் முன்னாலும் அவர் சொன்னது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. "பஞ்ச மட்டும் வச்சுப் பாத்தது என் தப்பு பிக்கா." அன்று மாலைக்குள் கட்டோவிட்சே நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் போனது.

அங்கே முதுகில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். தண்டுவடத்துக்குள்ளே, கழுத்துப் பக்கமாக, நீர் கோத்து ஒரு நீளப் பொந்து உண்டாகியிருந்தது. சூடு, குளிர், வலி மூன்றும் போகிற நரம்புகளை அது அழுத்துகிறது. தொடுதல் வேறு வழியாகப் போவதால் அது மட்டும் பிழைத்திருக்கிறது. ஈரத்தை அறிய என்று தோலில் தனியாக எதுவும் கிடையாது என்று அங்கிருந்த அறுவை மருத்துவர் சொன்னார். தொடுதலும் குளிர்ச்சியும் சேர்ந்து வந்தால்தான் மூளை அதை ஈரம் என்று எடுத்துக்கொள்ளுமாம். ஒன்று போய்விட்டால், கடலில் நின்றாலும் நனைந்தது தெரியாது. அல்ஃபோன்ஸ் வாளியை வைத்துக்கொண்டு சொன்னது ஏறக்குறைய இதேதான். இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் கை சூம்பிப்போயிருக்கும், பிறகு கால் என்றும் சொன்னார்.

பிப்ரவரியில் அறுவை நடந்தது. பிடரியைத் திறந்து நீருக்கு வழி செய்தார்கள். போன உணர்வு திரும்பவில்லை. ஆனால் மேற்கொண்டு எதுவும் போகவில்லை. இன்றைக்கும் இரண்டு கையாலும் சுத்தியல் பிடிக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேருந்து மாறி அல்ஃபோன்ஸ் வந்தார். எல்ஃப்ரிதா பக்கத்தில் இருந்தாள். பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட கேக்கை அவர் மனைவி கொடுத்தனுப்பியிருந்தார். தான் தூங்கு என்று சொன்னதை நினைத்து எல்ஃப்ரிதா அவர் முன்னால் அழுதுவிட்டாள்.

"நீ என்னம்மா பண்ணுவ? தோள் நனையலன்னு ஒருத்தன் சொன்னா யாரு நம்புவா?" என்றார்.

"நீங்க நம்பினீங்களே?"

அவர் கேக்கை வெட்டிக்கொண்டே சொன்னார்: "எனக்கு ஒட்டுப்போட்டு அனுப்பினப்ப, முதுகு மூச்சு முட்டுதுன்னு சொன்னேன். முதுகு எங்கய்யா மூச்சு விடும்னு சிரிச்சாங்க. ரெண்டுவாட்டி விழுந்த பிறகுதான் கேட்டாங்க. நான் சொன்ன வார்த்தைதான் தப்பு, விஷயம் சரியாத்தான் இருந்துச்சு. இவன் தோள் நனையலன்னு சொன்னப்ப எனக்கு அந்த ஞாபகம்தான் வந்துச்சு. சாப்பிடு, காஞ்சுபோனா நல்லாருக்காது."

எனக்கு மேலே விளக்கு அறையில் வேலை கொடுத்தார்கள். இறங்குகிறவர்களுக்குத் தலைவிளக்கு எடுத்துக் கொடுப்பது. சூடான எதையும் வலது கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் இடது கையால் எடுப்பேன். வீட்டில் குளிக்கும்போதும் அப்படித்தான்.

அந்த வருடம் மே மாதம் டாக்டர் வொலான்சிக் விளக்கு அறைக்கு வந்தார். மருத்துவக் கல்லூரியில் மாணவர்களுக்கு என்னைக் காட்டவேண்டும், அதோடு அந்தக் கையுறை வேடிக்கையை அல்ஃபோன்ஸே செய்துகாட்ட வேண்டும் என்றார். அல்ஃபோன்ஸ் முதலில் மறுத்தார். "நான் தரை கழுவறவன் டாக்டர்." டாக்டர் விடாமல் கேட்டதால் ஒத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடும் கறுப்புக் கோட்டோடு, சுரங்கத்து வாளியையும் கையுறையையும் தூக்கிக்கொண்டு ரயிலில் வந்தார்.

நாற்பது மாணவர்கள். முன்வரிசையில் மூன்று பேராசிரியர்கள். அல்ஃபோன்ஸ் வாளியைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார். வாளியில் நீர் நிரப்பியதும் சரியாகிவிட்டது. அது அவருக்குத் தெரிந்த வேலை. ஒரு பெண்ணைக் கூப்பிட்டார், கண்ணைக் கட்டினார். அவள், "ஐயோ, உறை கிழிஞ்சிருக்கு" என்றாள். வகுப்பு சிரித்தது. பிறகு ஒரு பேராசிரியர், இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும் என்ற முகத்தோடு எழுந்து வந்தார். கையை விட்டார். கொஞ்சம் யோசித்தார்.

"இது கொஞ்சம் கசியுதுன்னு நினைக்கிறேன்" என்றார்.

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்கய்யா" என்றார் அல்ஃபோன்ஸ். உறையை உருவி மாவு படிந்த விரல்களைக் காட்டினார். நாற்பது பேரும் மேஜையைத் தட்டினார்கள். அங்கே கைதட்டுவதற்குப் பதில் அப்படித்தான் செய்வார்களாம். சத்தத்தில் அல்ஃபோன்ஸ் பயந்து கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு என் தோளைக் காட்டி அவர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் நான் பதில் சொன்னேன். ஒருவன் அவரிடம், "இதையெல்லாம் எங்க படிச்சீங்க?" என்று கேட்டான்.

"படிக்கலப்பா. பன்னெண்டு வருஷமா, குளிச்சிட்டு வர்ற ஆளுங்க முதுகப் பாத்துக்கிட்டிருக்கேன். தெனம் முந்நூறு முதுகு."

திரும்பி வரும் ரயிலில் நெற்றியெல்லாம் அவருக்கு வேர்த்து வழிந்தது. கோட்டைக் கழற்றச் சொன்னேன். மாட்டேன் என்றார். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, குழாயில் கைக்குட்டையை நனைத்துவந்து கொடுத்தேன். கழுத்துக்குப் பின்னால் சட்டைக்குள் அதைச் செருகிக்கொண்டு, ஜன்னலோரம் சாய்ந்து ஊர் வருகிற வரைக்கும் தூங்கினார்.

1985 வசந்தத்தில் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் வந்தவன் நல்ல பையன்தான், ஆனால் பெஞ்சை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அலமாரி வைத்தான். இரண்டு நாள் பொறுத்தோம். மூன்றாம் நாள் ரூஃபின் போய், அலமாரியை நகர்த்தாவிட்டால் ஷிப்டு முழுவதும் குளிக்காமல் கரியோடவே பேருந்தில் ஏறும் என்று சொல்லிவிட்டு வந்தான். அன்று மாலையே பெஞ்சு பழைய இடத்துக்கு வந்துவிட்டது.